பவுச் அறுவை: வயிற்றைத் திறந்தா, துளை வழியா, ரோபோவிலா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கைக்கு வயது 26. எட்டு ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்சுவர் அழன்று புண்ணாகும் நோய். ஸ்டீராய்டும் கேட்கவில்லை, விலை உயர்ந்த ஊசிகளும் கேட்கவில்லை. பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு ‘ஜே பவுச்’ வைக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. ஒரு மருத்துவர் வயிற்றைத் திறந்து செய்வதே பாதுகாப்பு என்கிறார். இரண்டாமவர் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்கிறார். மூன்றாமவர் ரோபோ என்கிறார், அதற்குத் தனியாகச் சில லட்சங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறீர்கள். திருமணமாகாத பெண், நாளைக்குக் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா என்று கடைசி வரியில் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் குடல் அறுவை மருத்துவன். பவுச் வைப்பதைத் திறந்த முறையில் கற்றேன், பிறகு லேப்ராஸ்கோப்பிக்கு மாறினேன், இப்போது ரோபோவின் முன்னாலும் உட்காருகிறேன். ஆக மூன்று கட்சியிலும் எனக்கு உறுப்பினர் அட்டை உண்டு. என் பதில் இது: உங்கள் தங்கைக்கு லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ நல்லது, இரண்டில் அந்த மருத்துவருக்குக் கைவந்தது எதுவோ அது. ரோபோவுக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். ஆனால் உங்கள் ஊர்ப்பக்கம் பவுச் நிறையச் செய்து பழகிய ஒரே கை வயிற்றைத் திறந்துதான் செய்யும் என்றால், அந்தக் கையை விட்டுவிடாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பெருங்குடலும் மலக்குடலும் போய்விட்டால் மலத்தைத் தேக்கி வைக்க உடம்பில் இடம் இல்லை. சிறுகுடலின் கடைசி முப்பது, நாற்பது சென்டிமீட்டரை மடித்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரை ஸ்டேப்ளரால் வெட்டித் தைத்து ஒன்றாக்கினால் ஒரு பை கிடைக்கும். மடித்த தோற்றம் ஆங்கிலத்தின் ‘ஜே’ எழுத்துப்போல இருப்பதால் அந்தப் பெயர். இந்தப் பையை இடுப்புக்குழிக்குள் இறக்கி ஆசனவாயோடு இணைக்கிறோம். சுருக்குத்தசை அப்படியே இருக்கிறது, எனவே மலம் வழக்கமான வழியிலேயே போகும். இணைப்பு ஆறும்வரை சில மாதங்களுக்கு வயிற்றில் இலியோஸ்டமி, அதாவது சிறுகுடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து வைக்கும் வாய், அதன்மேல் ஒட்டும் பை. இந்த வாய்க்குத்தான் ஸ்டோமா என்று பெயர். பிறகு அதை மூடிவிடுவோம்.

லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் 1978-ல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது மூன்று மடிப்புள்ள ‘எஸ்’ வடிவப் பை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஜப்பானின் ஜோஜி உட்சுனோமியா ‘ஜே’ வடிவத்தைச் சொன்னார். செய்ய எளிது, நன்றாகக் காலியாகிறது என்பதால் அதுவே நிலைத்துவிட்டது. அதற்கு முன்பு இந்த நோயாளிகளுக்கு வாழ்நாள் முழுக்க ஸ்டோமாதான். 1969-ல் ஸ்வீடனின் நீல்ஸ் காக் வயிற்றுக்குள்ளேயே பை வைத்து, குழாய் விட்டுக் காலி செய்யும் வழியைக் காட்டினார், ஆனால் அதில் தொல்லைகள் அதிகம். இவை எல்லாம் வயிற்றைத் திறந்து செய்யப்பட்டவை. லேப்ராஸ்கோப்பி இந்த அறுவைக்குள் நுழைந்தது 1990-களின் தொடக்கத்தில்.

இந்த அறுவையில் எங்களுக்கு வியர்ப்பது எந்த இடத்தில் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும். சிறுகுடல் தனியாகத் தொங்குவதில்லை. மெசென்டரி என்ற கொழுப்புத் திரையில், ரத்தக்குழாய்களோடு கட்டுண்டு கிடக்கிறது. அந்தத் திரை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் பை கீழே இறங்கும். மடிப்பின் முனையைப் பிடித்து இழுத்துப் பார்ப்போம். இடுப்பின் முன்னெலும்பைத் தாண்டி மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீழே வந்தால் ஆசனவாய்க்கு எட்டும் என்பது பழைய கணக்கு. வரவில்லையென்றால் திரையின் மேல்தோலில் குறுக்கே சிறு கீறல்கள் போடுவோம், ஒவ்வொரு கீறலுக்கும் கொஞ்சம் நீளும். ஒரு ரத்தக்குழாயைக் கட்ட வேண்டியும் வரலாம். எதைக் கட்டினாலும் பை கறுக்காது என்பதை, விளக்கைத் திரைக்குப் பின்னால் பிடித்து, துடிப்பைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். உயரமான, பருத்த ஆண்களுக்கு இது அரை மணி நேரச் சண்டை. ஒல்லியான இளம்பெண்ணுக்குப் பெரும்பாலும் இலகுவாக வந்துவிடும்.

இனி கதவுகளுக்கு வருகிறேன்.

திறந்த முறையில் தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை நடுக்கோட்டில் ஒரு நீண்ட வெட்டு. கை உள்ளே போகிறது. குடலின் தடிப்பு, நிணக்கணு, இழுவிசை எல்லாம் விரலுக்குத் தெரிகிறது. நேரம் குறைவு, செலவு குறைவு. குடல் ஓட்டையாகி, உள்ளே சீழ் பரவி, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு இன்றும் பல நேரங்களில் இதுதான். இதன் விலையை நோயாளி பின்னால் கொடுக்கிறார்: வலி, வெட்டின் வழியாக வரக்கூடிய ஹெர்னியா, எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே குடலும் உறுப்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது.

லேப்ராஸ்கோப்பியில் நான்கைந்து சிறு துளைகள், கரியமில வாயுவால் உப்பிய வயிறு, ஒரு கேமரா. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. வெட்டியெடுத்த பெருங்குடல் எப்படியும் வெளியே வர வேண்டுமல்லவா? அதற்காக அடிவயிற்றில் ஐந்தாறு சென்டிமீட்டர் வெட்டுகிறோம், அல்லது ஸ்டோமா வரப்போகும் துளையையே பயன்படுத்துகிறோம். பெரும்பாலான மருத்துவர்கள் அதே வழியாகச் சிறுகுடலை வெளியே எடுத்து, கையில் பிடித்து, பழைய மாதிரி ஸ்டேப்ளராலேயே பவுச்சைச் செய்து திரும்ப உள்ளே விடுகிறார்கள். ரோபோவிலும் வழக்கமாக இதே கதைதான். ஆகவே உங்கள் தங்கையின் உடம்பில் இருக்கப்போகும் பை, எந்தக் கதவு வழியாகப் போனாலும், அதே பைதான். “ரோபோ பவுச்” என்று விளம்பரத்தில் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த முறையையும் லேப்ராஸ்கோப்பியையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒப்பிட்ட சோதனைகள் மிகக் குறைவு. 2004-ல் நெதர்லாந்திலிருந்து வந்தது ஒன்று. 60 நோயாளிகள், ஒரு பாதிக்குக் கையை ஒரு சிறு வெட்டின் வழியே விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி, மறு பாதிக்குத் திறந்த முறை. லேப்ராஸ்கோப்பிக்கு 210 நிமிடம், திறந்ததற்கு 133 நிமிடம். மருத்துவமனையில் தங்கியது 10 நாளுக்கு 11 நாள். முதல் மூன்று மாத வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடு இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2009-ல் 11 ஆய்வுகளில் இருந்த 607 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. இறப்பிலும் சிக்கல்களிலும் வேறுபாடு தெரியவில்லை, லேப்ராஸ்கோப்பிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் அதிகம் பிடித்தது, தழும்பு சிறியது. ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் தொடங்கிய இன்னொரு சோதனை, போதுமான நோயாளிகள் சேராததால் பாதியில் நின்றது. இதையெல்லாம் படித்தால் சப்பென்றுதான் இருக்கும். தழும்புக்காகவா இவ்வளவு பாடு என்று நானே ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன்.

என் மனத்தை மாற்றியது நீங்கள் தயங்கித் தயங்கி எழுதிய அந்தக் கடைசி வரி சம்பந்தப்பட்ட விஷயம். 2006-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, இந்த நோய்க்கு மருந்து மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களில் 15 சதவீதம் பேருக்குக் கருத்தரிப்பில் சிக்கல் இருந்ததையும், பவுச் அறுவைக்குப் பின் அது 48 சதவீதமாக ஏறியதையும் காட்டியது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த ஆய்வில் இருந்தவை திறந்த முறைக் காலத்து அறுவைகள். காரணம் கருப்பையிலோ முட்டையிலோ இல்லை. இடுப்புக்குழிக்குள் நடந்த வெட்டுக்குப் பிறகு கருக்குழாய்கள் பக்கத்துத் தசையோடும் குடலோடும் ஒட்டிக்கொள்கின்றன, குழாயின் வாய் முட்டையைப் பிடிக்க முடியாமல் போகிறது. லேப்ராஸ்கோப்பியில் செய்தவர்களுக்கு, ஸ்டோமாவை மூடும் நாளில் கேமராவை விட்டுப் பார்த்தவர்கள், சூலகங்களைச் சுற்றி ஒட்டுகள் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். அதற்கேற்ப, நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளிலிருந்து 2012-லும் பிரான்சிலிருந்து 2013-லும் வந்த ஆய்வுகளில், லேப்ராஸ்கோப்பிக்குப் பின் கருத்தரித்தவர்களின் விகிதம் நன்றாகவே இருந்தது. எண்ணிக்கை சிறியது, குலுக்கல் சோதனை இல்லை. இருந்தாலும் 26 வயதுப் பெண்ணுக்கு நான் துளை வழியைப் பரிந்துரைக்கிறேன் என்றால் இதற்காகத்தான், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போவதற்காக அல்ல. கருக்குழாய் அடைபட்டாலும் சோதனைக்குழாய் முறையில் குழந்தை பெற முடியும் என்பதையும் தங்கையிடம் சொல்லிவையுங்கள், யாரும் சொல்லாமல் விட்டுவிடும் சங்கதி அது.

இன்னொரு வழியும் உண்டு, அதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா தெரியவில்லை. அறுவையை மூன்று கட்டமாகச் செய்யலாம். முதலில் பெருங்குடலை மட்டும் எடுத்து, மலக்குடலை மூடி உள்ளேயே விட்டு, இலியோஸ்டமி வைப்பது. சில மாதங்களில் ஸ்டீராய்டு நிற்கும், ரத்தசோகை சரியாகும், எடை ஏறும். பிறகு மலக்குடலை எடுத்துப் பவுச். மூன்றாவதாக ஸ்டோமாவை மூடுவது. நீண்ட நாள் ஸ்டீராய்டில் இருந்து மெலிந்துபோனவர்களுக்கு இதையே நான் விரும்புவேன். எடுத்த குடலை நோய்க்குறியியல் நிபுணர் முழுதாகப் பார்த்து, இது உண்மையில் சிறுகுடலையும் தாக்கக்கூடிய க்ரோன் என்ற வேறொரு குடல் அழற்சி நோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் தீர்த்துவிடுவார். க்ரோன் என்றால் பவுச் பெரும்பாலும் கூடாது. சில பெண்கள் முதல் கட்டத்தோடு நிறுத்தி, குழந்தை பெற்ற பிறகு இடுப்புக்குழிக்குள் கை வைக்கச் சொல்கிறார்கள். அதற்கு விலை, ஆண்டுக்கணக்கில் ஸ்டோமாவோடு வாழ்வதும், உள்ளே இருக்கும் மலக்குடலை அவ்வப்போது உள்நோக்கிக் கருவியால் பார்ப்பதும். அவசர நிலை இல்லையென்றால் முதல் கட்டம் லேப்ராஸ்கோப்பிக்கு ஏற்றது, இதில் எனக்கு ஐயமே இல்லை.

லேப்ராஸ்கோப்பியின் இருண்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். மலக்குடலை ஆசனவாய்க்கு மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் விட்டுவிட்டு வெட்ட வேண்டும். திறந்த வயிற்றில், குறுக்கே கடிக்கும் ஸ்டேப்ளரைக் கையால் அழுத்தி அடி வரை இறக்கலாம், ஒரே கடியில் முடியும். துளை வழியே போகும் ஸ்டேப்ளர் ஓரளவுதான் வளையும். குறுகிய இடுப்புக்குழியில் எலும்பு தடுக்கும். அப்போது நடப்பது இரண்டில் ஒன்று: ஒரே கடியில் முடிய வேண்டியது மூன்று, நான்கு கடியாகி, தையல்கள் குறுக்கிடும் இடங்களில் கசிவு வாய்ப்பு கூடும், அல்லது எட்டும் உயரத்திலேயே வெட்டி, நோயுள்ள மலக்குடல் ஐந்தாறு சென்டிமீட்டர் மிஞ்சிவிடும். மிஞ்சிய துண்டில் நோய் தொடரும், ரத்தம் வரும், பை சரியாகக் காலியாகாது. நோயாளிக்குப் பவுச் வைத்தும் பழைய வேதனையே.

இன்னொன்று முறுக்கு. பவுச்சை உள்ளே விட்டு, வாயுவை மறுபடி நிரப்பி, கீழே இறக்கும்போது அது தன்னைச் சுற்றித் திரும்பிவிடலாம். கேமராவுக்கு முன்பக்கம்தான் தெரியும், பின்பக்கத்து மெசென்டரி எப்படிக் கிடக்கிறது என்று தெரியாமல் இணைத்துவிட்டால் போயிற்று. வேறிடத்தில் அறுவை முடிந்து என்னிடம் வந்த ஓர் இளைஞர் ஒன்றரை ஆண்டாக அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தார், தொட்டதற்கெல்லாம் பவுச்சைட்டிஸ், அதாவது பையின் அழற்சி என்று மருந்து கொடுத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் பை அரைச்சுற்று திரும்பியிருந்தது. அன்றிலிருந்து என் அறையில் ஒரு சட்டம்: ஸ்டேப்ளரை அழுத்திப் பையை இணைப்பதற்கு முன், முன்சிறுகுடலின் ஓரத்திலிருந்து மெசென்டரியின் வெட்டு விளிம்பைக் கேமராவால் அங்குலம் அங்குலமாகப் பின்தொடர்ந்து பை வரை வர வேண்டும். விளிம்பு வாய்க்கால் வரப்புப்போல நேராக இருக்க வேண்டும். உதவி மருத்துவர் “நேர்” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுத்த வேலை. பிறகு ஸ்டேப்ளரின் இரண்டு பாதிகளும் பூட்டிக்கொள்ளும், தைத்து வெட்டும், வெளியே எடுத்தால் வளையல்போல இரண்டு திசு வளையங்கள் கிடைக்கும். அவை உடையாமல் முழுதாக இருக்கின்றனவா என்று விரலில் மாட்டிப் பார்ப்போம். எந்திரம் எத்தனை கோடியானாலும் இந்த வேலை விரலுக்குத்தான்.

ரோபோ தானாக எதையும் செய்வதில்லை, இதை முதலில் மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி மருத்துவர் ஒரு பெட்டிக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்து, கைகளால் இயக்குவதை நான்கு எந்திரக் கைகள் வயிற்றுக்குள் செய்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000-ல் டா வின்சி எந்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பழைய மாதிரிகளில் மேல்வயிற்றில் வேலை முடிந்து அடிவயிற்றுக்கு வர எந்திரத்தையே நகர்த்த வேண்டும், பெருங்குடல் வயிற்றைச் சுற்றி ஓடும் உறுப்பு என்பதால் அது பெருந்தொல்லை. 2014-ல் வந்த எக்ஸ்-ஐ மாதிரி அதைக் குறைத்தது. இதன் சுகம் எங்கே என்றால் இடுப்புக்குழியின் அடியில்: ஆழம் தெரியும் காட்சி, மணிக்கட்டுபோல வளையும் கருவி, நடுங்காத கேமரா. சிறுநீருக்கும் பாலுறவுக்கும் போகும் நரம்புகள் மலக்குடலை ஒட்டியே போகின்றன, அவற்றை விலக்கிவிட்டு வெட்டும்போது அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கிறது. குறுகிய இடுப்புள்ள பருத்த ஆணுக்கு ரோபோ கிடைத்தால் விடமாட்டேன். குறை, தொட்டறியும் உணர்வு குறைவு. திசுவை எவ்வளவு இழுக்கிறோம் என்பதைக் கண்ணால்தான் ஊகிக்க வேண்டும்.

சான்று என்ன சொல்கிறது? பவுச்சுக்கு ரோபோவையும் லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்டவை பெரும்பாலும் பழைய கோப்புகளைப் புரட்டிச் செய்த சிறு ஆய்வுகள். சிக்கல்களும் பையின் செயல்பாடும் ஏறத்தாழ ஒன்றே, நேரமும் செலவும் ரோபோவுக்கு அதிகம். ரோபோவுக்காகக் காட்டப்படும் பெரிய எண்கள் மலக்குடல் புற்றுநோயிலிருந்து கடன் வாங்கியவை. 2017-ல் வந்த ரோலார் சோதனையில் 471 நோயாளிகள். திறந்த முறைக்கு மாற வேண்டி வந்தது ரோபோவில் 8.1 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம், வேறுபாடு உறுதியாகவில்லை. 2022-ல் சீனாவின் ரியல் சோதனை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் சிக்கல்கள் ரோபோவில் 16.2, லேப்ராஸ்கோப்பியில் 23.1 சதவீதம் என்று காட்டியது. அது கவனிக்க வேண்டிய எண், ஆனால் அங்கே எல்லோரும் ரோபோவில் கைதேர்ந்த மருத்துவர்கள், நோயாளிகள் வயது கூடிய புற்றுநோயாளிகள். உங்கள் தங்கையின் பவுச்சுக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது. கருத்தரிப்பைப் பொறுத்தவரை இரண்டும் துளை வழிதான், ரோபோவுக்கென்று தனிச் சலுகை இருப்பதாக யாரும் இன்னும் காட்டவில்லை.

ஆசனவாய் வழியாகவே கீழிருந்து மேலே அறுத்துவரும் ஒரு முறையும் சில இடங்களில் நடக்கிறது. வெட்டும் உயரத்தைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யலாம் என்பது அதன் பலம். கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும் முறை, பழகியவர் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பாருங்கள். நன்றாக அமைந்த பவுச்சில் ஒரு நாளைக்கு ஐந்து முதல் ஏழு முறை போக வேண்டியிருக்கும், இரவில் ஒருமுறை எழலாம். ஆனால் ஓட வேண்டியதில்லை, அடக்க முடியும், அதுதான் பெரிய விடுதலை. ஏறத்தாழ பாதிப் பேருக்கு எப்போதாவது பவுச்சைட்டிஸ் வரும், பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கில் அடங்கும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 2013-ல் 3,707 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டபோது, பவுச் தோற்றுப்போனவர்கள் இருபதில் ஒருவர் அளவே. தோற்பதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று தொடக்கத்திலேயே ஏற்படும் கசிவும் சீழும். ஆறினாலும் பை விறைத்துப்போய்விடும். இவை எதுவும் வயிற்றில் எத்தனை அங்குலம் வெட்டினார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

ஆகவே மூன்று மருத்துவர்களிடமும் எந்திரத்தைப் பற்றிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்: போன ஆண்டு எத்தனை பவுச் வைத்தீர்கள்? இந்த முறையில் எத்தனை? கசிவு எத்தனை பேருக்கு, அவர்களை என்ன செய்தீர்கள்? மலக்குடலை எத்தனை சென்டிமீட்டர் விடுவீர்கள்? பவுச் அதிகம் நடக்கும் இடங்களில் தோல்வியும் மறு அறுவையும் குறைவு என்பது இங்கிலாந்திலும் கனடாவிலும் எடுத்த கணக்குகளில் தெரிகிறது. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ செய்பவர் என்றால் அவர் ரோபோவில் செய்தாலும் தயங்குவேன். இப்படிக் கேட்டதற்குக் கோபப்படுபவரிடம் போகாதீர்கள். “நானாக இருந்தால் உங்கள் தங்கையை இன்னாரிடம் அனுப்புவேன்” என்று சொல்பவர் கிடைத்தால் அவர் சொல்லும் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோமா இருக்கும் மாதங்களில் உப்பும் நீரும் நிறைய வெளியேறும், அறுவைக்குப் பின் மறுபடி மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் நீர்வற்றியே வருகிறார்கள். வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பது அதை மோசமாக்கும். உப்புப் போட்ட கஞ்சி, ஓஆர்எஸ், உப்பு மோர் நல்லது. பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் அழைத்துவிடுங்கள்.

அறுவைக்கு முதல்நாள் ஸ்டோமா எங்கே வர வேண்டும் என்று வயிற்றில் பேனாவால் குறிப்பார்கள். படுக்க வைத்து மட்டும் குறித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் வயிற்று மடிப்பில் போய் உட்கார்ந்து பை ஒட்டாமல் கசியும். தங்கை வழக்கமாக உடுத்துவதையே அன்று உடுத்திப் போகட்டும். சுடிதாரின் நாடா முடிச்சோ புடவையின் கொசுவம் செருகும் இடமோ குறிக்கு மேல் விழக் கூடாது, அதைத் தங்கையே விரலால் தொட்டுக் காட்டட்டும்.